எஸ்தர் வீட்டு வழக்கு: தென்கரைச் சிறுகதையில் நன்மையும் தீமையும்

வண்ணநிலவனின் 'எஸ்தர்' கதையில் ஒரு கொலை நடக்கிறது. கதையின் எந்த வரியிலும் அது எழுதப்படவில்லை. மழை பொய்த்துப் பயிர் கருகி, ஊர் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகிறது. பிழைப்புத் தேடி வேற்றூர் போயே தீர வேண்டிய ஒரு கிறிஸ்தவக் குடும்பம். வீட்டில் படுக்கையோடு படுக்கையாகிவிட்ட ஒரு பாட்டி. அவளைக் கூட்டிக்கொண்டும் போக முடியாது, விட்டுவிட்டும் போக முடியாது. அந்த வீட்டில் எதையும் யோசித்துச் சொல்கிறவள் எஸ்தர் சித்தி. ஒரு ராத்திரி போகிறது. அதற்குப் பிறகு பாட்டி இல்லை. பாட்டியின் கண்கள் எஸ்தருக்கு மட்டும் வெகுகாலம் நினைவில் வந்துகொண்டே இருந்தன என்பதைச் சொல்லிவிட்டு ஆசிரியர் விலகிக்கொள்கிறார்.

1976இல் இந்தப் பெயரிலேயே தொகுப்பு வெளிவந்தது. இத்தனை காலமாகத் தமிழ் வாசகர்கள் இந்தக் கதையிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவருகிறார்கள்: எஸ்தர் நல்லவளா, கெட்டவளா? கதையின் அமைப்பே அப்படிக் கேட்கத் தூண்டுகிறது. ஆனால் அந்தக் கேள்வி கதைக்குள் நம்மைக் கூட்டிப்போவதில்லை, வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. சிறுகதையில் நன்மையும் தீமையும் மயங்கிக் கிடக்கின்றன என்று பொதுவாகச் சொல்வது எளிது. எது மயங்குகிறது, எது மயங்கவில்லை என்று பிரித்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துத் தென்கரைக் கதைகளில் செயல் மயங்குவதில்லை. பாட்டி கொல்லப்பட்டாள் என்பதில் 'எஸ்தர்' நமக்குச் சந்தேகம் வைக்கவில்லை. செய்தவளுக்கு என்ன தண்டனை என்பதைத்தான் கதை எழுத மறுக்கிறது. பழியைக் கதை மறைக்கவில்லை, தண்டனையை மட்டும் தன் கையில் எடுத்துக்கொள்ளவில்லை. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால், ஆழமான கதையும் பொறுப்பற்ற கதையும் ஒன்றுபோலத் தெரியத் தொடங்கிவிடும்.

பெயரிலிருந்து தொடங்கலாம். விவிலியத்தின் எஸ்தர் தாய் தகப்பனற்ற பெண். பாரசீக அரண்மனையில் ராணியாகி, தன் உயிரைப் பணயம் வைத்துத் தன் ஜனங்களைக் காப்பாற்றுகிறவள். சபைகளில் அவளைத் தைரியத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். அந்தப் புத்தகத்தின் பின்பாதியைப் பற்றிப் பிரசங்கங்களில் அதிகம் பேச்சு வராது. ஆமானின் பத்துப் பிள்ளைகளையும் மரத்தில் தூக்கிப்போட வேண்டும் என்று அரசனிடம் கேட்கிறவளும் இதே எஸ்தர்தான். எபிரேய மூலத்தில் அந்தப் புத்தகம் முழுவதிலும் கடவுளின் பெயர் ஒரு இடத்திலும் வருவதில்லை. மேலேயிருந்து உத்தரவு வராத இடத்தில் ஒரு பெண் தன் ஜனத்துக்காக எதுவரை போகலாம் என்பதை அவளே முடிவு செய்கிறாள். வண்ணநிலவன் இதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் பெயர் வைத்தாரா என்பது முக்கியமல்ல. அந்தப் பெயர் கதைக்குள் வந்த பிறகு தன் பழைய சுமையையும் கூடவே கொண்டுவந்துவிட்டது. காப்பாற்றுகிறவளும் கொல்கிறவளும் ஒரே ஆள் என்பது அந்தப் பெயருக்குப் புதிதல்ல.

இந்தக் கதையைத் தூத்துக்குடி மாவட்டத்தின் தென்பகுதியில் இருந்து படிக்கும்போது அதன் பஞ்சம் வெறும் பின்னணியாகத் தெரிவதில்லை. ஆறுமுகநேரியைச் சுற்றி நிலம் மூன்று விதமாகக் கிடக்கிறது. கடல் பக்கம் உப்பளம், தாமிரபரணிப் பாசனம் எட்டுகிற இடத்தில் வயலும் வாழையும், தென்மேற்கே குதிரைமொழிப் பக்கம் செம்மணல் தேரியும் பனையும். பாத்தியில் உப்பு விளைய வேண்டும் என்றால் வெயில் வேண்டும், மழை கூடாது. வயலுக்கு மழை இல்லாவிட்டால் பிழைப்பே இல்லை. ஒரே மேகம் ஒருவர் வீட்டில் நன்மை, பக்கத்து வீட்டில் தீமை. இப்படி ஒரு ஊரில் வளர்கிறவர்களுக்கு நல்லது கெட்டது இரண்டையும் 'யாருக்கு' என்ற கேள்வியோடு சேர்த்துப் பார்க்கிற பழக்கம் தானாகவே வந்துவிடுகிறது.

1876 முதல் 1878 வரையிலான தாது வருஷப் பஞ்சம் திருநெல்வேலிச் சீமையையும் அடித்தது. தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கொழும்புக்கும் அங்கிருந்து மலைத்தோட்டங்களுக்கும் போனவர்கள் ஏராளம். அதே பஞ்ச காலத்தை ஒட்டி மிஷன் சபைகளில் ஆயிரக்கணக்கில் ஜனங்கள் சேர்ந்தார்கள். எஸ்தர் சித்தியின் வீடு கிறிஸ்தவ வீடாக இருப்பதற்கும் பஞ்சத்தில் ஊரைவிட்டுக் கிளம்புவதற்கும் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது. கிளம்புவது என்றால் யாரையாவது விட்டுவிட்டுப் போவது. நடக்க முடியாதவர்களை என்ன செய்தார்கள் என்பது எந்த அரசு அறிக்கையிலும் முழுதாக இருக்காது. அதைப் பேச வேண்டிய பொறுப்பு கதைக்கு வந்து சேர்ந்தது.

தமிழ்ச் சிறுகதை இந்த இடத்துக்கு ஒரே தாவலில் வந்துவிடவில்லை. புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' 1934இல் 'மணிக்கொடி'யில் வந்தது. ஜட்கா ஓட்டும் புருஷன் அடிபட்டுக் கிடக்கிறான், அவனுக்குப் பால் கஞ்சி வேண்டும், கையில் காசில்லை. அம்மாளு ஒருவனோடு சந்துக்குள் போய்விட்டு முக்கால் ரூபாயோடு வருகிறாள். அத்தோடு கதை முடிந்திருக்கலாம். முடியவில்லை. ஆசிரியர் மேடையேறிக் கற்பைப் பற்றிப் பேசுகிறவர்களை நேருக்கு நேர் கேள்வி கேட்கிறார். அன்றைக்கு அந்தக் குரல் தேவைப்பட்டது. அம்மாளுவுக்காக வாதாட வேறு யாருமில்லை. ஆனாலும் அது வக்கீலின் குரல். அவள் குற்றமற்றவள் என்று நிறுவிவிட்டுத்தான் கதை நம்மை வெளியே விடுகிறது. தீமை முழுவதும் நகரத்தின் தலையில் ஏறிவிடுவதால் அம்மாளுவுக்குள் என்ன நடந்தது என்று நினைத்துப் பார்க்க நமக்கு நேரம் கிடைப்பதில்லை.

அதே ஆசிரியரின் 'மனித யந்திரம்' நம் விஷயத்துக்கு இன்னும் அருகில் இருக்கிறது என்பது என் எண்ணம். இந்தக் கதையைப் பற்றிப் பேச்சு குறைவாக இருப்பதில் எனக்கு வருத்தம் உண்டு. மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஒரு ஸ்டோரில் ஆயுசெல்லாம் கணக்கெழுதியவர். பைசா பிசகாதவர் என்று பெயர். ஒரு ராத்திரி கல்லாப் பணத்தை எடுத்துக்கொண்டு ரயிலடிக்குப் போகிறார். தூத்துக்குடிக்கு டிக்கெட் வாங்குகிறார். அங்கேயிருந்து கப்பலேறிக் கொழும்பு போய்விட்டால் இந்த வாழ்க்கை முடிந்தது, வேறு வாழ்க்கை. வண்டியிலும் ஏறி உட்காருகிறார். பிறகு இறங்கி, திரும்பி வந்து, பணத்தை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, குறைந்த சிறு தொகையைத் தன் பேரில் பற்று எழுதுகிறார்.

இவர் திருடனா, யோக்கியரா? திருடவில்லை, ஆகவே யோக்கியர் என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. அவரை இறக்கிவிட்டது அறமா, பயமா, ஆயுசெல்லாம் ஊறிய பழக்கமா என்பதைக் கதை திறந்தே வைத்திருக்கிறது. தலைப்பு பழக்கத்தின் பக்கம் சாய்கிறது. அப்படியானால் அவருடைய நேர்மை முழுவதுமே பழக்கம்தானா என்ற பயங்கரமான சந்தேகம் நமக்கு வருகிறது. தூத்துக்குடி இங்கே வெறும் ஊர்ப் பெயரல்ல. ஊரைவிட்டுத் தப்ப நினைக்கிற ஒவ்வொருவரின் கண்ணுக்கும் தெரிகிற வாசல் அது. பஞ்சத்தில் அடிபட்டவர்கள் கடந்துபோன அதே வாசலில்தான் கல்லாப் பணத்தோடு ஒரு குமாஸ்தாவும் நுழையப் பார்த்தார். கடைசியில் அவர் எழுதுகிற பற்று வரியை நான் மிகவும் மதிக்கிறேன். அந்த ராத்திரி நடந்தது யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. இருந்தாலும் அது கணக்கில் ஏறுகிறது. எஸ்தரின் நினைவில் நிற்கிற கண்களுக்கும் பிள்ளையின் பற்று வரிக்கும் உறவு இருப்பதாக எனக்குப் படுகிறது. வெளியே யாரும் கேட்காத கணக்கை உள்ளே ஒருவர் எழுதிவைக்கிறார்.

புதுமைப்பித்தனுக்கும் வண்ணநிலவனுக்கும் நடுவில் கு. அழகிரிசாமி வருகிறார். கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவல்காரர். அவருடைய 'திரிபுரம்' பஞ்சத்தில் அலைகிற தாயும் மகளும் பற்றிய கதை. அம்மாளு செய்ததையே இங்கே மகள் செய்ய நேர்கிறது, அதுவும் தாய் அறிந்தே. கதையின் முடிவில் ஒரு சிரிப்பு எழுகிறது. சிவன் சிரித்தே முப்புரத்தையும் எரித்த புராணம் தலைப்பில் இருப்பதால் அந்தச் சிரிப்பு எதையெல்லாம் எரிக்கிறது என்று நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். புதுமைப்பித்தன் பேசிய இடத்தில் அழகிரிசாமி பாத்திரத்தைச் சிரிக்க வைத்தார், வண்ணநிலவன் அதையும் எடுத்துவிட்டார். நாற்பது ஆண்டுகளில் தமிழ்ச் சிறுகதையின் ஆசிரியர் குரல் இப்படித் தணிந்துகொண்டே வந்தது. தணியத் தணிய வாசகரின் வேலை கூடியது.

இந்த விலகலைப் பற்றி உலகத்தில் முன்பே சண்டை நடந்திருக்கிறது. குதிரைத் திருடர்களைப் பற்றி ஒரு கதை எழுதியதற்காக, நன்மை தீமையில் அக்கறையில்லாதவர் என்று செகாவை அவருடைய பதிப்பாளர் சுவோரின் குறை சொன்னார். 1890 ஏப்ரலில் செகாவ் அவருக்குப் பதில் எழுதினார். குதிரை திருடுவது தவறு என்பது நான் சொல்லித்தானா ஜனங்களுக்குத் தெரிய வேண்டும், அதை ஜூரிகள் பார்த்துக்கொள்ளட்டும், அவர்கள் எப்படிப்பட்ட மனிதர்கள் என்று காட்டுவதே என் வேலை என்பது அந்தப் பதிலின் சாரம். சிறிய கதைக்குள் இடம் போதாது, விடுபட்டதை வாசகர் நிரப்பிக்கொள்வார் என்ற நம்பிக்கையையும் அதே கடிதத்தில் சொல்கிறார். பலரும் இந்தக் கடிதத்தை ஆசிரியரின் நடுநிலைக்குச் சான்றாகக் காட்டுவார்கள். எனக்கு அது வாசகரின் மேல் வைத்த மரியாதையாகவே தெரிகிறது.

ஜப்பானில் அகுதாகவா 1915இல் எழுதிய 'ராஷோமோன்' இன்னும் நெருங்கி வருகிறது. பேரழிவுகளில் நொறுங்கிய கியோத்தோ நகரம். வேலை போன ஒரு பணியாள் பட்டினி கிடந்து சாவதா, திருடுவதா என்று தெரியாமல் நகரத்தின் தலைவாசலில் ஒதுங்குகிறான். மாடியில் பிணங்கள். ஒரு கிழவி செத்தவள் ஒருத்தியின் தலைமுடியைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறாள், சவுரி செய்து விற்க. அவன் அறச்சீற்றத்தோடு அவளைப் பிடிக்கிறான். செத்தவளே பாம்பைக் காயவைத்துக் கருவாடு என்று விற்றவள்தான், இல்லையென்றால் பட்டினி, அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவளும் என்னைக் குற்றம் சொல்ல மாட்டாள் என்கிறாள் கிழவி. அந்த நியாயத்தையே பிடித்துக்கொண்டு அவன் அவளுடைய துணியை உருவிக்கொண்டு இருளில் இறங்கிப் போகிறான். 'வேறு வழியில்லை' என்ற சொல் ஒருவர் வாயிலிருந்து அடுத்தவர் கைக்குப் போகும்போது எப்படி ஆயுதமாகிறது என்பதை இவ்வளவு குறைந்த பக்கங்களில் வேறு யாரும் காட்டியதாக எனக்கு நினைவில்லை. எஸ்தர் இந்த வாதத்தைச் சொல்வதேயில்லை. வேறு வழியில்லை என்று அவள் யாரிடமும் வாதாடாமல் இருப்பதே அவளை அந்தப் பணியாளிடமிருந்து பிரிக்கிறது. நியாயம் பேசுகிறவருக்குக் கணக்கு முடிந்துவிடுகிறது. பேசாதவளுக்கு முடிவதில்லை.

செகாவையும் அகுதாகவாவையும் வைத்துக்கொண்டு இந்த அற மயக்கம் மேற்கிலிருந்தோ நவீனத்திலிருந்தோ நமக்கு வந்தது என்று சொல்லிவிடக் கூடாது. தெற்கே வில்லுப்பாட்டில் இசக்கியைப் பாடுகிற ஊர்களில், அவளோடு இணைத்துச் சொல்லப்படுகிற நீலி கதையை நினைத்துப் பார்க்கலாம். நகைக்காகக் கொல்லப்பட்ட பெண் மறுபடி வருகிறாள். கொன்றவன் இந்தப் பிறவியில் வணிகன். கள்ளிக் கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவர் என் புருஷன், என்னைக் கைவிட்டுப் போகிறார் என்று பழையனூர் வேளாளர் சபையில் முறையிடுகிறாள். அவள் சொல்வது பொய். அவள் கேட்பது நியாயம். இவள் என் மனைவி அல்ல என்று வணிகன் அஞ்சிச் சொல்கிறான், அவன் சொல்வது உண்மை, அவன் பழைய பாவி. உன் உயிருக்கு ஆபத்து வந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று எழுபது பேர் வாக்குக் கொடுத்து அவனை அவளோடு அனுப்புகிறார்கள். காலையில் அவன் பிணமாகக் கிடக்கிறான். வாக்குத் தவறாத எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

யார் செய்தது தவறு? சபை நல்லெண்ணத்தோடு விசாரித்தது, நல்லெண்ணத்தோடு தவறியது, சொன்ன சொல்லுக்காகச் செத்தது. நீலி பழி தீர்த்தாள், குற்றமே செய்யாத எழுபது குடும்பங்கள் அதற்கு விலை கொடுத்தன. ஜனங்கள் இசக்கியை அஞ்சியும் கும்பிட்டும் பிள்ளைவரம் கேட்டும் வாழ்கிறார்கள், அந்த வேளாளர்களையும் போற்றுகிறார்கள். இரண்டு மரியாதையும் ஒரே மனதில் இருக்கின்றன. திருச்செந்தூர்க் கடற்கரையில் ஐப்பசியில் சூரசம்ஹாரம் பார்க்கிறவர்களுக்கும் இது தெரியும். வேலால் பிளந்த பிறகு சூரன் அழிந்துபோவதில்லை, மயிலாகவும் சேவலாகவும் முருகனோடேயே இருந்துவிடுகிறான். இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த காதுக்கு எஸ்தர் சித்தி அந்நியமானவள் அல்ல.

சட்டத்துக்கு இந்த வசதி கிடையாது. அது தீர்ப்பு எழுதியாக வேண்டும். 1942 செப்டம்பரில், வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின் கொந்தளிப்பில், திருச்செந்தூருக்குத் தெற்கே குலசேகரன்பட்டினம் உப்பளத்தில் உப்பு இலாகா அதிகாரி லோன் கொல்லப்பட்டார். காசிராஜன், ராஜகோபாலன் என்ற இரண்டு இளைஞர்களுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. தண்டனை பின்னால் குறைக்கப்பட்டு அவர்கள் உயிரோடு வெளியே வந்தார்கள். அரசின் ஏட்டில் அது கொலை, விடுதலைக்குப் பிந்திய நம் ஏட்டில் அது தியாகம். இரண்டு ஏடுகளுமே உறுதியாக எழுதப்பட்டவை. அந்த இளைஞர்கள் உயிர் பிழைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான், உப்புக்கே வரி போட்ட அரசின் பக்கம் நிற்க நான் தயாரில்லை. ஆனால் அந்த இரவில் விழுந்த ஒரு மனிதனின் மரணம் இரண்டு ஏடுகளிலும் வேறு எதற்கோ சான்றாக மட்டும் நிற்கிறது. ஒரு சிறுகதை அங்கே போயிருந்தால், இளைஞர்களின் கோபத்தையும் அந்த மனிதனின் பயத்தையும் ஒரே பக்கத்தில் வைத்திருக்கும்.

இதுவரை சொன்னதற்கு எதிராக ஒரு வலுவான கேள்வி உண்டு, அதைத் தாண்டிப் போக முடியாது. தீர்ப்பை நிறுத்திவைப்பது யாருக்கு லாபம்? 2010இல் விருதுநகர் மாவட்டத்திலிருந்து வந்த செய்திகள் தலைக்கூத்தல் என்ற வழக்கத்தைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தன. படுத்த படுக்கையான முதியவரை விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் இளநீராகக் கொடுப்பார்கள். உடல் குளிர்ந்து காய்ச்சல் கண்டு ஒன்றிரண்டு நாளில் உயிர் போகும். செய்தவர்கள் குடும்பத்தார், பல சமயம் பாசத்தோடேயே செய்தவர்கள். பஞ்சமும் இல்லை, ஊரைவிட்டுப் போக வேண்டிய கட்டாயமும் இல்லை. பார்த்துக்கொள்ள ஆளில்லை, செலவு, சொத்து. பிரியா கிருஷ்ணசுவாமி இயக்கித் தேசிய விருது பெற்ற 'பாரம்' படம் இதைத் தயக்கமில்லாமல் கொலை என்றது. அது சரியான நிலைப்பாடு. இந்தச் செய்திகளுக்குப் பிறகு 'எஸ்தர்' கதையைப் படிக்கிறவர், பாட்டிக்கு ஏன் ஒரு சொல்லும் இல்லை என்று கேட்டால் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் கதையின் கடைசி வரிகளின் எடை தெரிகிறது. பாட்டி இறந்தாள், குடும்பம் பிழைத்தது என்று முடிந்திருந்தால் இந்தக் கதை தலைக்கூத்தலுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கும். பஞ்சத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு நாமும் லேசான மனதோடு புத்தகத்தை மூடியிருப்போம். அந்தக் கண்கள் நினைவில் நின்றன என்று எழுதியதால் பாட்டி கதையிலிருந்து வெளியேற மறுக்கிறாள். பேச விடப்படாதவள் பார்க்கிறாள். எஸ்தர் வாழ்கிற காலம் முழுவதும் அவளுக்கு எதிரான சாட்சி அவளோடேயே வாழ்கிறது. அற மயக்கம் என்ற பெயரில் எழுதப்படுகிற கதைகளில் எது தேறும், எது தேறாது என்று பார்க்க இதையே நான் அளவுகோலாக வைத்திருக்கிறேன்: பாதிக்கப்பட்டவருக்குக் கதையில் கடைசிவரை இடம் இருக்கிறதா? கொடுமை செய்கிறவனின் மனச்சிக்கலை மட்டும் பக்கம் பக்கமாக விரித்து, அடிபட்டவரை ஒரு பொருளாக விட்டுவிடுகிற கதைகள் இப்போது நிறைய வருகின்றன. அவற்றை நுட்பமான கதைகள் என்று பாராட்ட எனக்கு மனமில்லை.

வண்ணநிலவன் மணப்பாட்டுக் கடற்கரையை வைத்து எழுதிய 'கடல்புரத்தில்' 1977இல் வந்தது. நாட்டு வல்லமும் விசைப்படகான லாஞ்சும் மோதிக்கொள்கிற அந்த நாவலிலும் வன்மம், துரோகம், ஊர் ஒப்பாத உறவுகள் எல்லாம் உண்டு. அதன் நாயகி பிலோமிக்கு நேர்வது சிறிய அநியாயமல்ல. ஆனால் அங்கே நாட்கள் நகர்கின்றன. கோபப்பட்டவர் தணிகிறார், ஏமாந்தவள் ஏமாற்றியவனையும் அன்போடு நினைக்கப் பழகுகிறாள். நாவலின் நீளமே மன்னிப்புக்கு வழிவிடுகிறது. 'எஸ்தர்' எழுதிய அதே கைதான் இதையும் எழுதியது, மனிதர்கள் மேல் உள்ள பரிவும் அதே பரிவுதான். சிறுகதையில் மறுநாள் வருவதற்குள் பக்கம் தீர்ந்துவிடுவதால் செயல் ஆறாமல் அப்படியே நிற்கிறது.

கல்லூரி வகுப்புகளில் இந்தக் கதையை நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. எஸ்தர் செய்தது சரியா தவறா என்று வகுப்பை இரண்டாகப் பிரித்துப் பேச வைத்தால் அது பட்டிமன்றமாகிவிடும். மணியடிக்கும்போது நடுவர் ஒரு தீர்ப்புச் சொல்லி, எல்லாரும் கைதட்டிக் கலைந்துபோவார்கள். அதற்குப் பதிலாக அந்த வீட்டின் ஆண்களைப் பற்றிக் கேட்கலாம். பாட்டியை என்ன செய்வது என்ற பேச்சு எப்போது எஸ்தர் சித்தியின் கையில் மட்டும் வந்து சேர்ந்தது, அதை யார் யார் அங்கே நகர்த்தினார்கள், அந்த ராத்திரிக்குப் பிறகு அவளிடம் ஏன் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை?